மலைமேல் ஒரு குடில்: வாடகை யாருக்கு?

சித்திரை வெயில் உறையூரைச் சுடும்போது, தறிக்குழியிலே கால் வைத்து அமர்ந்திருக்கும் நெசவாளிக்குத் தெரியும், நிழல் என்பது எத்தனை பெரிய செல்வம் என்று. சாலை ரோட்டிலே கடை வைத்திருப்பவர் மின்விசிறியை முழு வேகத்திலே சுழல விடுகிறார். அதுவோ அனலைத்தான் அள்ளி அள்ளி வீசுகிறது. சனிக்கிழமை மாலை வந்துவிட்டால் போதும், இளைஞர்கள் இருவர் இருவராக இருசக்கர வண்டியிலே ஏறிக் காவிரியைத் தாண்டி, கொள்ளிடத்தைத் தாண்டி, மண்ணச்சநல்லூர் வழியே துறையூர் சென்று, அங்கிருந்து பச்சைமலை ஏறுகிறார்கள். டாப் செங்காட்டுப்பட்டியிலே வனத்துறையின் தங்கும் விடுதி இருக்கிறது. மரத்தின்மேல் கட்டிய வீடும் இருக்கிறது. இடம் கிடைத்தவர் அங்கே தங்குகிறார். கிடைக்காதவர் கூடாரம் அடிக்க இடம் தேடுகிறார். ஞாயிறு இரவு, கண்ணிலே தூக்கமும் கைப்பேசியிலே நூறு படங்களுமாக ஊர் திரும்புகிறார்.

இதைக் குறை கூற வந்தோமில்லை. உழைத்துக் களைத்தவன் ஓர் இரவு குளிர்ந்த காற்றிலே உறங்க விரும்புவது ஊதாரித்தனம் ஆகாது. மலைக்காற்று மகாராசாக்களுக்கு மட்டும் என்று எழுதி வைத்தவர் யார்? ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவிலே 1895ஆம் ஆண்டு சமதர்மத் தொழிலாளர்கள் சிலர் 'இயற்கையின் நண்பர்கள்' என்றொரு சங்கம் கண்டார்கள். அந்நாளிலே ஆல்ப்ஸ் மலையின் அழகு செல்வர்களின் பொழுதுபோக்கு. ஆலைத் தொழிலாளியோ வாரத்தின் ஆறு நாளும் இயந்திரத்தின் பக்கத்திலே, ஏழாம் நாள் மதுக்கடையிலே என்று கிடந்தான். அவனை மலைக்கு அழைத்துச் சென்றது அந்தச் சங்கம். உறுப்பினர்கள் தாங்களே கல் சுமந்து, மரம் சுமந்து, மலைமேல் குடில்கள் கட்டினார்கள். 'மலை விடுதலை' என்பதே அவர்கள் ஒருவரை ஒருவர் கண்டால் சொல்லிக்கொண்ட வாழ்த்து! சங்கம் கண்டவர்களுள் ஒருவரான கார்ல் ரென்னர் பின்னாளிலே அந்நாட்டின் குடியரசுத் தலைவராகவே ஆனார். 1934லே சர்வாதிகாரம் வந்ததும் முதல் வேலையாகத் தடை விதிக்கப்பட்ட அமைப்புகளிலே இந்த மலையேறும் சங்கமும் ஒன்று. தொழிலாளி மலையேறுவதைக் கண்டே அஞ்சினார்கள் என்றால், அந்தக் குடில்களிலே வெறும் தேநீர் மட்டும் கொதிக்கவில்லை என்பது விளங்கும்.

ஆகவே தோழர்களே, மலைக்குப் போகலாமா என்பது நம் கேள்வியன்று. போங்கள்! குடும்பத்தோடு போங்கள்! நாம் கேட்பது வேறு. அந்தக் குடில் நிற்கும் மண் யாருடையது? அதற்காக நீங்கள் எண்ணிக் கொடுக்கும் வாடகை யார் கைக்குப் போகிறது?

பச்சைமலை ஆளில்லாக் காடன்று. திருச்சி, பெரம்பலூர், சேலம் என மூன்று மாவட்டங்களிலே பரவிக் கிடக்கும் அந்த மலையிலே, வண்ணாடு, தென்பரநாடு என்று நாடு நாடாகப் பகுத்துக்கொண்டு வாழையடி வாழையாக வாழ்ந்து வருபவர்கள் மலையாளிப் பழங்குடியினர். மலையாளி என்றதும் கேரளத்தார் என்று எண்ணிவிட வேண்டாம். மலையை ஆள்பவர் என்பது பொருள், பேசுவது தமிழ். காஞ்சியிலிருந்து மூன்று உடன்பிறந்தார் புறப்பட்டு வந்தார்கள், மூத்தவர் சேர்வராயன் மலையையும் நடுவர் கொல்லிமலையையும் இளையவர் பச்சைமலையையும் தமக்கென்று கொண்டார்கள் என்பது அவர்களின் வழிவழிக் கதை. கதை எப்படியோ போகட்டும். சாமையும் தினையும் விளைந்த மேட்டு நிலத்திலே இன்று மரவள்ளிக் கிழங்கும் முந்திரியும் பலாவும் விளைகின்றன என்றால், அந்த மண்ணைக் கொத்திப் பதப்படுத்திய கை அவர்களுடையது. சமவெளிக்காரன் மலையிலே கண்டது அழகு. அவன் அங்கே கண்டது சோறு.

அந்தச் சோற்றுக்கு எப்போது இடையூறு வந்தது? 1882ஆம் ஆண்டு. அந்த ஆண்டிலேதான் வெள்ளை ஆட்சி சென்னை வனச் சட்டத்தை இயற்றியது. கோடு கிழித்தான், கோட்டுக்கு உள்ளே இருப்பது ஒதுக்குக்காடு என்றான். ஆடு மேய்த்தால் குற்றம், விறகு எடுத்தால் குற்றம், அனுமதியின்றி நுழைந்தாலே குற்றம்! அந்தச் சட்டம் இன்றும் தமிழ்நாடு வனச் சட்டம் என்ற பெயரிலே உயிரோடுதான் இருக்கிறது. ஆட்சி மாறிற்று, கொடி மாறிற்று, சட்டத்தின் ஆண்டு மட்டும் 1882.

கோட்டுக்கு உள்ளே யாருக்கு இடமில்லை என்றானோ அதே காட்டுக்குள்ளே வெள்ளையன் தனக்கென ஒரு வீடு கட்டிக்கொண்டான் என்பதை மறந்துவிடக் கூடாது. சுற்றுப்பயணம் வரும் அதிகாரி தங்குவதற்கென்று வன மாளிகை; ஓடு வேய்ந்த கூரை, குளிர்காயக் கணப்பு, சமைக்க ஒரு ஆள், காவலுக்கு ஒரு ஆள். மலையின் மைந்தன் அந்தக் கட்டடத்துக்குள்ளே நுழைந்ததுண்டு, தண்ணீர்க் குடத்தைத் தலையிலே சுமந்துகொண்டு. இன்று நாம் கணினி வழியே முன்பதிவு செய்யும் வனக் குடில்களுக்கெல்லாம் பாட்டன் அந்த மாளிகைதான். நீலகிரியிலே கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் தோதவரிடமிருந்து ஏக்கர் ஒரு ரூபாய்க்கு நிலம் வாங்கி, 1822லே கல் வீடு எழுப்பத் தொடங்கினார் என்று வரலாறு படிக்கிறோம். 'கல் பங்களா' என்று தோதவர் வியந்து சொன்னதாகவும் எழுதி வைத்திருக்கிறார்கள். வியப்பைப் பதிவு செய்தவர்கள், விற்றவன் பின்னர் எங்கே போய் எருமை மேய்த்தான் என்பதை அவ்வளவு அக்கறையோடு பதிவு செய்யவில்லை.

மலையை இரவுக் கணக்கிலே வாடகைக்கு விடும் தொழில் மாபெரும் வாணிகமாக வளர்ந்த நாடு அமெரிக்கா. அங்கே நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். நமக்கு முன்னே ஒருவன் நடந்து போன பாதையல்லவா! கலிபோர்னியாவிலே யோசெமிட்டி என்றொரு பள்ளத்தாக்கு. வானளாவும் பாறைகள், வெள்ளியென விழும் அருவிகள். அங்கே வாழ்ந்தவர்கள் அவானீச்சி என்னும் தொல்குடியினர். 1851லே ஆயுதப் படையொன்று உள்ளே நுழைந்து அவர்களின் ஊர்களைக் கொளுத்தியது. பின்னர் அந்த இடம் பூங்காவாயிற்று, பயணிகள் வந்தார்கள். 1899லே ஆசிரியப் பணி செய்த ஒரு தம்பதியர் ஏழு கூடாரங்களை அடித்து, நாளுக்கு இரண்டு டாலர் என்று வாடகைக்கு விடத் தொடங்கினார்கள். தொழில் செழித்தது. கூடாரம் குடிலாயிற்று, குடில் விடுதியாயிற்று.

அவானீச்சி மக்கள் என்ன ஆனார்கள்? ஒரு சிலர் தப்பிப் பிழைத்துத் திரும்பி வந்து, பயணிகளின் துணி துவைத்தும் விறகு வெட்டியும் கூடை முடைந்து விற்றும் பள்ளத்தாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருந்தார்கள். 1930களிலே பூங்கா நிர்வாகம் அவர்களுக்கென்று பதினைந்து சிறு குடில்கள் கட்டிக் கொடுத்தது. இரக்கம் என்று எண்ணிவிடாதீர்கள். அந்தக் குடில்களுக்கு அவர்களிடமே வாடகை வாங்கியது! பாட்டன் பூட்டன் பிறந்த பள்ளத்தாக்கிலே, பேரன் வாடகைக்குக் குடியிருந்தான். 1950களிலே, அரசு வேலை உள்ளவன் மட்டுமே தங்கலாம் என்று விதி வந்தது. வேலை போனவனுக்கு வீடும் போயிற்று. 1969லே எஞ்சியிருந்த குடில்கள் தீயணைப்புப் பயிற்சி என்ற பெயரிலே கொளுத்தப்பட்டன. 1851லே வைத்த தீ, 1969 வரையிலே அணையவில்லை.

அது அமெரிக்கா, இது தமிழகம், இங்கே அப்படி நடக்குமா என்று கேட்கும் நண்பருக்கு ஒரு பெயரைச் சொல்கிறோம்: வாச்சாத்தி. பச்சைமலையிலே வாழும் அதே மலையாளிப் பழங்குடியினரின் ஊர். தருமபுரி மாவட்டத்திலே சித்தேரி மலையடிவாரத்திலே இருக்கிறது. 1992 ஜூன் 20. சந்தன மரம் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் படையாகப் புகுந்தார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன, பதினெட்டுப் பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 269 பேர்மீது வழக்கு. பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அவர்களிலே 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று முடிவாயிற்று. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அந்தத் தண்டனையை உறுதி செய்தது. காட்டுக்குள்ளே யார் வலியவன், யார் எளியவன் என்பதை அறிய இதைவிட வேறு ஏடு வேண்டியதில்லை.

இனி, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2006ஆம் ஆண்டு நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. காட்டிலே வாழ்வோருக்கு வரலாற்றிலே அநீதி இழைக்கப்பட்டது என்பதை அச்சட்டம் தன் முகப்பிலேயே ஒப்புக்கொள்கிறது. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து உழுது வாழும் நிலத்துக்கு, குடும்பத்துக்கு நான்கு எக்டேர் வரையிலே உரிமை. தேன், கடுக்காய், நெல்லி போன்ற சிறுவன விளைபொருள்மீது உரிமை. இவற்றுக்கெல்லாம் மேலாக, தங்கள் ஊர்ச் சமூகம் காலங்காலமாகக் காத்து வந்த காட்டைத் தாங்களே காக்கவும் நிர்வகிக்கவும் உரிமை! உரிமை தீர்க்கப்படும் வரையிலே யாரையும் வெளியேற்றக் கூடாது என்பதும் விதி.

இந்தச் சட்டம் தமிழகத்து மலைகளுக்கு ஏறிவர ஏன் இத்தனை ஆண்டுகள் பிடித்தன? 2008லே சென்னை உயர்நீதிமன்றத்தின் இடைக்கால ஆணை, தன் ஒப்புதலின்றிப் பட்டா வழங்கக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. 2016லே உச்சநீதிமன்றம் அதை விலக்கிற்று. எட்டு ஆண்டுகள்! பக்கத்து மாநிலங்களிலே உரிமைப் பத்திரம் வழங்கிக்கொண்டிருந்த காலத்திலே, இங்கே கோப்பு கட்டுண்டு கிடந்தது. போதாக்குறைக்கு, பழங்குடியினர் வாழும் பகுதிகளுக்குத் தனி ஆட்சி உரிமை தரும் அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையிலே தமிழகத்தின் எந்த மலையும் சேர்க்கப்படவில்லை. ஆகவே 1996லே பழங்குடியினரின் கிராம சபைகளுக்கு அதிகாரம் தர வந்த மற்றொரு மத்தியச் சட்டமும் நம் மலைகளை எட்டவில்லை. பச்சைமலைக்காரனுக்கு எஞ்சியிருக்கும் படைக்கலம் 2006ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றுதான்.

இந்த நிலையிலேதான் 2023 வந்தது. 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் திருத்தியது. முதலிலே அதன் பெயரைக் கேளுங்கள்: 'வன் சன்ரக்ஷண் ஏவம் சம்வர்தன் அதிநியம்'! ஆங்கிலச் சட்டத்துக்கு இந்திப் பெயர்; தென்பரநாட்டு உழவன் அதை நாக்கிலே புரட்டிப் பார்ப்பதற்குள் அவன் தோட்டத்து வேலி இடம் மாறிவிடும். பெயரைவிடப் பொருள் கொடிது. முன்பெல்லாம் காட்டுக்குள்ளே சுற்றுலாக் கட்டடம் எழுப்புவதென்றால் அது காட்டுக்குப் புறம்பான பயன். மத்திய அரசின் முன்னனுமதி வேண்டும். திருத்தத்துக்குப் பின், வனத்துறையின் செயல்திட்டத்திலே எழுதிவிட்டால் போதும், சூழல் சுற்றுலா வசதிகள் காட்டுக்குப் புறம்பானவை ஆகா. திருத்தத்தை எதிர்த்து வழக்குகள் உச்சநீதிமன்றம் வரையிலே சென்றிருக்கின்றன.

இரண்டையும் பக்கத்திலே பக்கத்திலே வைத்துப் பாருங்கள், தோழர்களே! அதே காடு. சமவெளியான் ஓர் இரவு தங்கப் போடும் குடில், காட்டுக்கு உகந்த பயன். மலையாளி தலைமுறை தலைமுறையாகத் தங்கும் குடிசை, உரிமைப் பத்திரம் கிடைக்கும் நாள் வரையிலே ஆக்கிரமிப்பு என்ற ஐயத்துக்கு உரியது! வன உரிமைச் சட்டத்தின்படி ஊருக்கு ஒரு பள்ளியோ, மருந்தகமோ, குடிநீர்க் குழாயோ, சாலையோ வேண்டுமென்றால், ஒரு எக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தைக் கிராம சபையின் பரிந்துரையோடு பெறலாம் என்று பதின்மூன்று வசதிகளைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். அந்தப் பட்டியலிலே சுற்றுலா விடுதி இல்லை. ஆக, பள்ளிக்கூடத்துக்குக் கிராம சபையைக் கேட்க வேண்டும், பயணியர் குடிலுக்குச் செயல்திட்டத்தை எழுதும் அதிகாரியைக் கேட்டால் போதும் என்பது புதிய நீதி.

நம் உறையூரிலே வெக்காளியம்மன் கோயிலுக்கு மேற்கூரை கிடையாது. மண்மாரி பொழிந்து ஊர் அழிந்தபோது வீடிழந்த மக்கள் அத்தனை பேருக்கும் கூரை வரும் வரையிலே தனக்கும் கூரை வேண்டாம் என்று சொன்னதாகக் கதை. கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் அந்தக் கதையைச் சொன்ன உறையூர் மக்கள், கூரை எவனுக்கு முதலிலே வர வேண்டும் என்பதிலே தெளிவாக இருந்திருக்கிறார்கள்.

காட்டை மலைமக்களிடம் விட்டால் அழித்துவிடுவார்களே என்று கவலைப்படும் கனவான்கள் இருக்கிறார்கள். நேர்மையான கவலையாகவும் இருக்கலாம், மறுமொழி சொல்வோம். நீலகிரியிலே சீகூர்ப் பீடபூமி யானைகளின் வழித்தடம். அந்த வழியை மறித்து விடுதி கட்டியவர்கள் யார்? இருளரா, குறும்பரா? 2018லே உச்சநீதிமன்ற ஆணையின்பேரிலே அங்கே விடுதிகளுக்குப் பூட்டுப் போட்டார்கள். 2020 அக்டோபரிலே, வழித்தடத்தை அறிவித்த அரசாணை செல்லும் என்று அந்த நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. 2021 சனவரியிலே மசினகுடியிலே, விடுதிப் பக்கம் வந்த ஓர் ஆண் யானையின்மீது எரியும் பொருளை வீசினார்கள். காது வெந்து, அந்தப் பேருயிர் மாண்டது. பார்த்தவர் நெஞ்சு பதைத்தது. அதே மாதம் வயநாட்டு மேப்பாடியிலே கூடாரத்திலே தங்கிய பெண்ணொருவர் யானையால் கொல்லப்பட்டார். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியிலே காட்டுத்தீயிலே சிக்கி மலையேறச் சென்ற இளையோர் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். தீ எந்தச் சரிவிலே எப்படி ஏறும், எந்தப் பக்கம் ஓடினால் பிழைக்கலாம் என்பது அங்கேயே பிறந்து வளர்ந்தவனுக்குத் தெரியும். அவனை அழைத்துச் செல்லாத பயணம் பயணமன்று, சூதாட்டம்.

எதிர்ப்பக்கம் ஒன்றைப் பாருங்கள். தேக்கடியிலே பெரியாறு காட்டுக்குள்ளே கள்ளத்தனமாக இலவங்கப் பட்டை உரித்து விற்றவர்கள் இருந்தார்கள். 1990களிலே வனத்துறை அவர்களோடு பேசிற்று. வழக்குகளிலிருந்து மீட்டு, குழுவாகச் சேர்த்து, பயணிகளைக் காட்டுக்குள்ளே அழைத்துச் சென்று கூடாரத்திலே தங்கவைக்கும் வேலையைக் கொடுத்தது. வேட்டைத் தடம் அறிந்த கண்கள் இப்போது வேட்டைக்காரனைப் பிடிக்கின்றன! காடும் பிழைத்தது, குடும்பமும் பிழைத்தது. தமிழக அரசும் 2024 அக்டோபரிலே, வன அனுபவக் கழகத்தின் வழியாக 14 மாவட்டங்களிலே 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்து, உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களை வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்தது. நல்ல தொடக்கம், பாராட்டுகிறோம். ஆனால் வழிகாட்டிக்குக் கூலி கொடுப்பதோடு நின்றுவிடக் கூடாது. கூலி பெறுபவன் நாளை வேண்டாமென்றால் நீக்கப்படுவான். உரிமை பெற்றவனை நீக்க முடியாது. யோசெமிட்டியிலே வேலையோடு வீட்டையும் பறிகொடுத்தவர்களை மறந்துவிடாதீர்கள்.

நாம் கேட்பது இதுதான். பச்சைமலையிலே புதிய குடில் ஒன்று எழும்புமுன், அந்த ஊரின் வன உரிமைக் கோரிக்கைகள் தீர்க்கப்பட வேண்டும். எங்கே கட்டுவது, எத்தனை கட்டுவது, எத்தனை பேரை ஏற்றுவது என்பதிலே கிராம சபையின் சொல் இறுதிச் சொல்லாக வேண்டும். வாடகையிலே பெரும் பங்கு கருவூலம் வரையிலே இறங்கிப் போய் மீண்டும் ஏறி வராமல், மலையிலேயே, அந்த மகளிர் குழுக்களின் கணக்கிலேயே நிற்க வேண்டும். வாடகையும் உறையூர் நெசவாளிக்கும் சுருட்டுத் தொழிலாளிக்கும் எட்டுவதாக இருக்க வேண்டும். தனியார் விடுதிகளிலே ஓர் இரவுக்குக் கேட்பது கைத்தறிக்காரன் பல நாள் நெய்து பெறும் கூலி. மலைமேலும் பணக்காரனுக்கே கட்டில் என்றால், மக்கள் பணத்திலே குடில் எதற்கு?

துறையூர்ப் பகுதித் தோழர்களுக்கும், திருச்சியிலே சட்டம் பயிலும் தம்பிமார்களுக்கும் தங்கைமார்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. வன உரிமைக் கோரிக்கைக்கு மூன்று படிவங்கள்: 'அ' தனியார் உரிமைக்கு, 'ஆ' சமூக உரிமைக்கு, 'இ' சமூக வன வளத்துக்கு. முதல் படிவத்தோடு நின்றுவிடும் ஊர்கள் பல. காட்டை நிர்வகிக்கும் உரிமை மூன்றாவது படிவத்திலேதான் இருக்கிறது என்பதை மலை மக்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். எல்லையை நடந்து அளக்கத் துணை நில்லுங்கள். முதியோர் சொல்லும் சாட்சியத்தை எழுதித் தாருங்கள். ஊர்ச் சபையிலே உறுப்பினரில் பாதிப் பேராவது கூடவேண்டும், கூடியோரில் மூன்றில் ஒரு பங்கினராவது பெண்களாக இருக்க வேண்டும். அந்த எண்ணிக்கை குறைந்தால் தீர்மானம் செல்லாது. கோட்ட அளவிலே திருப்பி அனுப்பிவிடுவார்கள். மரவள்ளி பிடுங்கும் நாளிலே கூட்டம் வைத்தால் யாரும் வரமாட்டார்கள். நாள் குறிக்கும்போது அதையும் கேட்டுக் குறியுங்கள்.